மன்றத்துக்கு வாரம் ஒரு மணி நேரம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிகள் திறந்து முதலாமாண்டு வகுப்புகள் தொடங்கிவிட்டன. இனி இரண்டு மாதத்துக்கு உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் தமிழ் மன்றத் தொடக்க விழா, நுண்கலை மன்றத் தொடக்க விழா, ஆங்கில இலக்கிய மன்றத் தொடக்க விழா என்று வரிசையாகப் படங்கள் வரும். எல்லாப் படத்திலும் குத்துவிளக்கு, பொன்னாடை, சிறப்பு விருந்தினர். அரசுக் கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். இந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரே ஒரு கேள்விதான் வரும். இப்படித் தொடங்கிய மன்றம் அடுத்த வாரம் கூடியதா?

பெரும்பாலும் கூடுவதில்லை. ஜூலையிலோ ஆகஸ்டிலோ தொடக்க விழா, ஜனவரியில் பொங்கல் விழா, மார்ச்சில் நிறைவு விழா. அத்தோடு ஆண்டு முடிந்துவிடும். அந்த விழாக்களிலும் மாணவர்கள் பங்குக்கு வருவது தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, நன்றியுரை. வரவேற்புரையைக்கூடப் பல இடங்களில் ஆசிரியர்தான் எழுதிக் கொடுக்கிறார். மற்ற பிள்ளைகள் கைதட்டிவிட்டு பஸ் பிடிக்க ஓடுகிறார்கள். கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரச் சான்று கொடுக்கும் நாக் (NAAC) குழு வந்தால் காட்டுவதற்கு, எடுத்த இடம் பதிந்த ஜியோடேக் போட்டோவும் வருகைப் பதிவும் கோப்பில் சேர்ந்துவிடுகின்றன. மேடையேறிப் பேசப் பழகிய பிள்ளை எங்கே என்று எந்தக் கோப்பிலும் தேட முடியாது.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. நம் கலைக் கல்லூரிகளில் ஆறு நாள் சுற்றுக்கு 30 மணி நேரம் வகுப்பு. அதில் ஒரே ஒரு மணி நேரத்தை மன்றங்களுக்கென்று கால அட்டவணையிலேயே போட வேண்டும். மாலையில் வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். டவுனில் வீடு இருப்பவர்களுக்கு அது சரி. கிராமத்திலிருந்து வரும் பெண்பிள்ளை வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டால், அடுத்த பஸ்ஸுக்குள் இருட்டிவிடும். வீட்டில் ஒரு முறை கேள்வி வந்தால் மறுமுறை அவள் நிற்க மாட்டாள். என் வகுப்பில் நன்றாக எழுதிய எத்தனையோ பெண்கள் இந்த ஒரு காரணத்தால் மன்றத்துப் பக்கமே வராமல் பட்டம் வாங்கிப் போனார்கள். இரண்டு ஷிப்ட் நடக்கும் கல்லூரிகளில் நிலைமை இன்னும் சிரமம். காலை ஷிப்ட் விடும்போதே அடுத்த ஷிப்ட் பிள்ளைகள் வாசலில் நிற்பார்கள், உட்கார ஓர் அறை மிஞ்சாது.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்துவிட முடியும் என்று கேட்கலாம். நன்றாக நடந்த ஆண்டுகளை நான் பார்த்திருக்கிறேன். மாணவச் செயலாளர் போன வாரக் கூட்டக் குறிப்பை வாசிப்பார். முதலாமாண்டில் இரண்டு பேர் ஐந்தைந்து நிமிடம் பேசுவார்கள். ஒருவர் படித்த புத்தகத்தைப் பற்றிச் சொல்வார், இன்னொருவர் சொந்தக் கவிதை வாசிப்பார். அப்புறம் திறனாய்வாளர் எழுந்து யார் எங்கே தடுமாறினார், எந்த வரி நின்றது என்று முகத்துக்கு நேரே சொல்வார். அவரும் மாணவர்தான். ஆசிரியர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், கேட்டால் மட்டும் பேசுவார். மைக்கைப் பார்த்தாலே கை நடுங்கிய பிள்ளைகள் இரண்டாமாண்டில் கூட்டத்தை நடத்தினார்கள். இயற்பியல் பையனும் வணிகவியல் பெண்ணும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொள்ள எங்கள் கல்லூரியில் வேறு இடம் கிடையாது.

ஒரு வாரம் வேதியியல் துறை மாணவர் ஒருவர் பேசுவதற்குப் பதிலாகப் பறை அடிக்கட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். ஊரில் அப்பாவோடு சேர்ந்து அடிப்பவர். கூடப் படிக்கும் யாருக்கும் அது தெரியாது, அவரும் சொன்னதில்லை. அன்று அறைக்குப் பின்னால் பழைய தாள்களைக் கொளுத்தி, தோலைப் பதமாகக் காய்ச்சி எடுத்து வந்தார். வலது கையில் தடித்த குட்டைக் குச்சி, இடது கையில் மெலிந்து நீண்ட குச்சி. சாவுக்கு அடிக்கும் அடி எது, கோயில் திருவிழாவுக்கு அடிக்கும் அடி எது என்று ஒவ்வொன்றாக அடித்துக் காட்டி, எங்கே வேகம் மாறுகிறது, ஆடுகிறவனின் கால் எதைப் பிடித்துக்கொள்கிறது என்று விளக்கினார். பாடத்தில் பறை என்று படித்துவிட்டுப் போகிறோமே, அதற்குள் இவ்வளவு கணக்கு இருப்பது தமிழ் நடத்திய எனக்கே அன்றுதான் தெரிந்தது. அடுத்த வாரம் நாலு பேர் அவரிடம் கற்றுக்கொள்ள வந்து நின்றார்கள், அதில் இரண்டு பேர் பெண்கள். சிறப்பு விருந்தினரை அழைத்து நடத்தும் விழாவில் இந்தப் பிள்ளைக்கு எந்த இடத்தில் பெயர் போடுவோம்?

இப்போது வரும் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம். 2022-23 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. கரகம், தெருக்கூத்து, ஓவியம், பேச்சு என்று பள்ளியிலேயே மேடை பார்த்த பிள்ளைகள் இன்று கல்லூரி வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பதை வாரா வாரம் தீட்டிக்கொள்ள இடம் கொடுக்காமல் விட்டால் மூன்று வருடத்தில் எல்லாம் மறந்துபோகும். போட்டிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் கல்லூரி மாணவர்களுக்கு நடத்தும் கவிதை, கட்டுரை, பேச்சுப் போட்டிகள் நல்ல காரியம். ஆனால் அதற்குத் தயாராவது எங்கே? போட்டிக்கு இரண்டு நாள் முன்பு யாரையாவது பிடித்து அனுப்புவதுதான் பல கல்லூரிகளில் வழக்கம்.

ஆங்கில மன்றத்துக்கும் இதேதான். நேர்முகத் தேர்வில் வாய் திறக்க முடியாமல் திரும்பும் பிள்ளைகளுக்காக எத்தனையோ பயிற்சிகள் வந்துவிட்டன. தப்பாகப் பேசினாலும் யாரும் சிரிக்காத ஓர் அறை வாரம் ஒரு முறை கிடைத்தால் அவர்களுக்குப் பாதி பயம் போய்விடும்.

கல்லூரி மன்றத்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சொல்வேன். 1960களில் அங்கே பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். ஊரில் விடிய விடிய ஆடுவதைச் சுருக்கி, கூத்துப் பழக்கும் ஆசானான கிராமத்து அண்ணாவியாரிடமே பிள்ளைகளைப் பழக வைத்து, 1962இல் கர்ணன் போர், பின்னர் நொண்டி நாடகம், இராவணேசன் என்று தொடர்ந்து செய்தார்கள். இராவணனாக ஆடிய மாணவர் மௌனகுரு பிறகு தாமே பேராசிரியராகி அந்தக் கலையை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோனார். இலங்கைத் தமிழ் நாடகத்தின் போக்கையே திருப்பிய முயற்சி இது. ஒரு நாள் விழாவுக்காக அவசரமாகத் தயார் செய்திருந்தால் கூத்தின் தாளக்கட்டும் ஆட்டமும் அந்தப் பிள்ளைகளின் உடம்பில் ஏறியிருக்காது.

செமஸ்டரில் பாடம் முடிக்கவே நாள் போதவில்லை, கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓட்டுகிறோம், இதை யார் பார்ப்பது என்று முதல்வர்கள் சொல்வார்கள். அந்தச் சிரமம் எனக்குத் தெரியும். அதனால்தான் மாணவர்களே நடத்தட்டும் என்கிறேன். செயலாளரை மாணவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கட்டும். பாடத்திட்டத்தில் பகுதி ஐந்தில் என்.எஸ்.எஸ்., என்.சி.சி.க்குக் கிரெடிட் கொடுப்பதுபோல மன்றத்துக்கும் கொடுக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். கொடுத்தால் நல்லதுதான். நேரம் ஒதுக்காமல் கிரெடிட் மட்டும் கொடுத்தால் இன்னொரு பதிவேடு தயாராகும், கூட்டம் நடக்காது. முதலில் மணி நேரத்தைக் கொடுங்கள். கல்லூரிக்கு இதில் ஒரு பைசா செலவில்லை.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். தொடக்க விழாப் படங்களுக்குக் கொடுக்கும் இடத்தில் கொஞ்சத்தை எடுத்து, மாதம் ஒரு முறை மாவட்டத்தில் ஏதாவது ஒரு கல்லூரி மன்றத்தில் வாசிக்கப்பட்ட கவிதை, கட்டுரை, புத்தக அறிமுகம் இவற்றில் ஒன்றை மாணவர் பெயரோடும் துறையோடும் வெளியிடுங்கள். தேர்ந்தெடுத்து அனுப்பும் வேலையை மாணவச் செயலாளர்களே பார்த்துக்கொள்வார்கள். இந்தப் பருவத்திலேயே தொடங்க முடிந்தால் மிகவும் மகிழ்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியை,
மயிலாடுதுறை.