செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் நடந்த வாக்குவாதம் பலருக்கும் நினைவிருக்கும். தெருவெல்லாம் கல்லுடைக்கும் கிரஷர் ஆலையின் தூசி என்று ஒருவர் குமுற, இன்னொருவர் செல்போனை நீட்டி, ‘கிருஷ்ணகிரி காற்று நல்லா இருக்குன்னு போட்டிருக்கே’ என்றார். சங்கத்தின் இந்த ஆண்டு பெரும்பாலும் செல்போன் காட்டிய அந்தக் காற்றுத்தர எண்ணின் பின்னாலேயே போனது. தெருவிளக்கு, சாக்கடை மனுக்களின் நிலவரம் தனித்தாளில் இருக்கிறது. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

நம் உறுப்பினரான ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் மார்கழிக் கூட்டத்தில் இதை விளக்கினார். அருகில் அளவீட்டு நிலையம் இல்லாத ஊருக்குச் செயலிகள் காட்டுவது பெரும்பாலும் கணினியில் இயங்கும் ஒரு மாதிரி (model) போட்ட கணக்கு. நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, எங்கே எவ்வளவு புகை கிளம்புகிறது, காற்று அதை எந்தப் பக்கம் தள்ளுகிறது, கந்தக டைஆக்சைடு எவ்வளவு சல்பேட் துகளாக மாறுகிறது, மழை எவ்வளவைக் கழுவுகிறது என்று மாதிரி கணக்கிடுகிறது. ஐரோப்பாவின் கோப்பர்னிகஸ் என்ற புவிக் கண்காணிப்புத் திட்டத்தின் உலக மாதிரியில் ஒரு கட்டத்தின் அகலம் சுமார் 40 கிலோமீட்டர். அணையும் மாந்தோப்பும் நம் கிரஷரும் அதில் ஒரே எண்ணாகக் கலந்துவிடும். செயலி பொய் சொல்லவில்லை, நம் தெரு அதன் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம், நன்கொடையாக வந்த சிறிய அளவுகருவி. லேசர் ஒளி துகளில் பட்டுச் சிதறுவதை வைத்து எண்ணும் வகை. பனிக்காலை ஈரத்தில் துகள்கள் நீரை உறிஞ்சி ஊதிவிடுவதால் அது கூடுதலாகக் காட்டும். கல் உடைக்கும்போது பறக்கும் பெரிய துகள்களையோ சரியாகப் பிடிக்காது. 2009ஆம் ஆண்டின் தேசியத் தரப்படி, 24 மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் பி.எம். 10 துகள் (10 மைக்ரோமீட்டர் வரை விட்டமுள்ளவை) 100 மைக்ரோகிராமும், பி.எம். 2.5 என்னும் நுண்துகள் (2.5 மைக்ரோமீட்டர் வரை) 60 மைக்ரோகிராமும் தாண்டக் கூடாது. நம் ஊர்த் தூசி முதல் வகையில்தான் அதிகம். கருவிக்கு நன்றாகத் தெரிவது இரண்டாவது. எனவே அந்த எண்களைக் கிரஷர் பற்றிய நம் மனுவில் இணைக்க வேண்டாம் என்று செயற்குழு முடிவெடுத்தது. சிலருக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனால் எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் உடைத்துவிடும் ஆதாரம் நமக்கு எதற்கு?

ஒற்றை ஆலையிலிருந்து தூசி எப்படிப் பரவும் என்று கணக்கிடும் எளிய மாதிரிகள் வேறு இருக்கின்றன. மற்றதெல்லாம் மாறாமல் காற்றின் வேகம் மட்டும் பாதியானால், தூசிச் செறிவு இரட்டிப்பாகும் என்பது அவற்றின் அடிப்படை. தெளிந்த பனிக்கால இரவில் தரை குளிர்ந்து, மேலே சூடான காற்று மூடிக்கொள்ளும்போது தூசி மேலெழ வழியில்லை. தை மாதம் மாம்பூக்களில் தூசி படிகிறது என்று தோப்புக்காரர்கள் புலம்பும் காலமும் இதுதான். கிரஷரின் இரவு ஓட்டத்தை நிறுத்தச் சொல்லும் நம் கோரிக்கைக்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்த மாதிரிக்குக் கிளம்பும் தூசியின் அளவும் காற்றின் போக்கும் வேண்டும். ஆகவே வரும் ஆண்டில் டிப்பர் லாரிகள் வந்துபோகும் நேரம், தார்ப்பாய் போட்டவை, போடாதவை, தண்ணீர் தெளித்த நாள், காற்றின் திசை ஆகியவற்றைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். இரவுப் பதிவுக்கு இளைஞர்கள் பெயர் கொடுத்தால் நல்லது. பெரியவர்களை மார்கழிப் பனியில் நிறுத்த மனமில்லை.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்