மீனாவின் வேலை பற்றி விஜயாவுக்கு

சேலம்,
ஞாயிறு காலை

அன்புள்ள விஜயா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் எழுத உட்கார்ந்த அன்றைக்கே தம்பி குடும்பம் வந்து இறங்கியது. எல்லாருமாக ஏற்காடு கிளம்பி மூன்று நாள் தங்கிவிட்டோம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள்.

உன் மகள் மீனா இவ்வளவு படித்துவிட்டு, திரவம், ஆவி பற்றி யாரோ அளந்த எண்களைத் தொகுத்துச் சரிபார்க்கிற வேலைக்குப் போகிறாளே, இது கிளார்க் வேலைதானே என்று எழுதியிருந்தாய். கொண்டை ஊசி வளைவு இருபதும் ஏறி இறங்குகிற வரைக்கும் எனக்கு அந்த வரிதான் மனசில் ஓடியது. உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

நான் லேபில் இருந்த ஆலையில் ஒரு கரைப்பானை ஆவியாக்கி, கண்டென்சரில் குளிரவைத்துத் திரும்பப் பிடிப்போம். ஒரு கோடையில் மாதாமாதம் இருப்பு குறைந்துகொண்டே வந்தது. கண்டென்சரைத் தாண்டி எவ்வளவு ஆவியாகத் தப்பும் என்று கணக்குப் போட்டால், குறைந்ததில் பாதிக்குக்கூட அது காணாது. மிச்சம் எங்கே? நைட் ஷிப்ட் ஆட்கள் மேல் சந்தேகம் விழுந்தது. இரண்டு பேரை வேலையைவிட்டு நிறுத்தி வைத்தார்கள். ஒருவர் வீட்டில் அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது.

அந்தக் கணக்குக்கு ஆதாரம் கரைப்பானின் ஆவியழுத்தம், அதாவது ஒரு வெப்பநிலையில் அதன் ஆவி எவ்வளவு அழுத்தம் கொடுக்கும் என்பது. அதை மூன்று கையேடுகளில் பார்த்தேன். மூன்றிலும் ஒரே எண். மூன்று சாட்சி ஒரே மாதிரி சொன்னால் நம்பத்தானே செய்வோம்? அப்புறம் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கித் தேடிப் போனேன். மூன்றும் ஒரே பழைய கட்டுரையிலிருந்து எடுத்தவை. அதை எழுதியவர் 60 டிகிரிக்கு மேல் மட்டும்தான் அளந்திருக்கிறார். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் அளக்காமல், மேலே பொருந்திய சமன்பாட்டை நீட்டிப் போட்டது. எங்கள் கண்டென்சரோ 35 டிகிரியில் ஓடுகிறது. நானே ஒரு குடுவையில் அளந்து பார்த்தேன். உண்மையான அழுத்தம் அதிகம். சரக்கு முழுக்கக் காற்றில்தான் போயிருக்கிறது. இரண்டு பேரையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஆனால் யாரும் அவர்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, விஜயா. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

மீனா மாதிரி ஒருத்தி அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ‘60 டிகிரிக்குக் கீழே நம்பாதே’ என்று ஒரு குறிப்பு போட்டிருந்தால் போதும்.

இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. நீ வங்கியில் இருந்தவள், சட்டென்று பிடித்துக்கொள்வாய். இந்த எண்கள் ஒன்றுக்கொன்று டேலி ஆகவேண்டும். கொதிக்கிற தண்ணீரையே எடுத்துக்கொள். 100 டிகிரியில் ஒரு கிலோவை ஆவியாக்க 2257 கிலோஜூல் வேண்டும். அந்த ஆவி 1.67 கன மீட்டர் இடம் பிடிக்கும். வெப்பநிலை கெல்வின் அளவில் 373 (100-உடன் 273 கூட்டினால்). 373-ஐ 1.67-ஆல் பெருக்கி, வந்ததால் 2257-ஐ வகுத்துப் பார், 3.6 வரும். ஒரு டிகிரி ஏறினால் ஆவியழுத்தம் 3.6 கிலோபாஸ்கல் ஏறும் என்று அர்த்தம். அழுத்தத்தை மட்டும் தனியாக அளந்தவர்களுக்கும் இதேதான் கிடைத்தது. வெப்பத்தை அளப்பது ஒரு சோதனை, அழுத்தத்தை அளப்பது வேறொரு சோதனை. ஒன்றில் தப்பு இருந்தால் மற்றதன் எண் காட்டிக்கொடுத்துவிடும்.

ஏற்காட்டில் அதையே சோதித்துப் பார்த்தேன். 1500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சுமார் 85 கிலோபாஸ்கல், கடல் மட்டத்தைவிட 16 குறைவு. 16-ஐ 3.6-ஆல் வகுத்தால் நாலரைக்குப் பக்கம். வெப்பநிலை இறங்க இறங்க அந்த 3.6-உம் கொஞ்சம் குறையும், அதனால் தண்ணீர் ஐந்து டிகிரி முன்னாலேயே கொதிக்க வேண்டும். பாத்திரத்தில் தெர்மாமீட்டரை விட்டால் 95-ஐ ஒட்டி நின்றது. பருப்பு வேகவில்லை என்று தம்பி மனைவி அலுத்துக்கொண்டதற்கும் அதுதான் காரணம். அடுத்த நாள் குக்கர் வாங்கிக் கொடுத்தோம்.

மேட்டூர் அனல்மின் நிலையம் மாதிரி எந்த இடத்திலும் டர்பைன் கணக்குக்கு நீராவி அட்டவணை வேண்டும், அதாவது எந்த வெப்பநிலையில் நீராவிக்கு எவ்வளவு அழுத்தம், எவ்வளவு வெப்பம் என்ற பட்டியல். ஒரு காலத்தில் நாட்டுக்கு நாடு அட்டவணை வேறுபட்டது. 1929-ல் லண்டனில் கூடி, எல்லாரும் ஒப்புக்கொள்கிற எண்களைத் தேட ஆரம்பித்தார்கள். அப்படி வந்த அட்டவணையில் ஒவ்வொரு எண்ணோடும் இவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்ற வரம்பையும் சேர்த்தே கொடுத்தார்கள். எனக்கு அந்த வரம்புதான் பெரிய விஷயம். தனக்கு எவ்வளவு தெரியும் என்பதை அளந்தவர் அங்கேதான் கையெழுத்துப் போட்டுச் சொல்கிறார்.

பழைய எண்களில் மீனாவுக்கு இன்னொரு சிக்கலும் வரும். வெப்பநிலை அளவுகோலையே மாற்றியிருக்கிறார்கள். 1990-ல் வந்த அளவுகோல்படி, கடல் மட்ட அழுத்தத்தில் தண்ணீர் கொதிப்பது 99.974 டிகிரியில். நாம் பள்ளிக்கூடத்தில் படித்த 100 இல்லை! ‘கலோரி’ என்று மட்டும் போட்டிருந்தால் அது 4.184 ஜூலா, 4.1868 ஜூலா என்றும் பார்க்க வேண்டும். மாதிரி எவ்வளவு சுத்தம், அதில் ஈரம் இருந்ததா, எதை வைத்து அளந்தார், எல்லாவற்றையும் கிளறித்தான் ஒரு எண்ணை ஏற்க முடியும். அவசரப்படுகிறவர்களால் ஆகிற வேலை இல்லை அது. உன் மகள் சின்ன வயசிலேயே மளிகைச் சீட்டைக் கூட்டிப் பார்த்துக் கடைக்காரரிடம் இரண்டு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தவள். அவளுக்கு இது பொருத்தமான இடம்.

இங்கே எல்லாரும் நலம். என் முட்டிவலி பரவாயில்லை. எதிர்வீட்டு மாமரம் இந்த வருஷம் அவ்வளவாகக் காய்க்கவில்லை. ஜவ்வரிசி வடகம் போட்டு வைத்திருக்கிறேன், வந்தால் எடுத்துக்கொண்டு போ. மீனா வேலையில் சேருவதற்கு முன்னால் அவளையும் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் வா. அந்தக் கரைப்பானை அளந்த என் பழைய நோட்டு இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. அவளிடம் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
உன் சரசு