முள்ளைப் பொறுக்கிய கைகளுக்கு நன்றி

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் கரையோர அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகளுக்கு வணக்கம்.

எஞ்சின் சத்தத்திலேயே தன் வீட்டு வல்லத்தைக் கண்டுகொண்டு அலையோரம் ஓடுகிற நாயும், வலை பொத்துகிறவர் காலடியில் சுருண்டு கிடக்கிற பூனையும் இந்தக் கரையில் எத்தனையோ வீட்டில் உண்டு. வீட்டுப் பிள்ளைக்குச் சோறு போட்ட கையோடு அதுகளுக்கும் வைக்கிற சனம் நாம். அந்த உயிர்களைத் தூண்டில் முள்ளிலிருந்தும் பேத்தை என்கிற விஷ மீனிலிருந்தும் நீங்கள் காத்ததற்குத்தான் இந்த மடல்.

அறுந்த முள்ளையும், தங்கூசி நரம்பு என்கிற நைலான் தூண்டில் இழையையும் மணலில் எறியாமல் பழைய பெயின்ட் டப்பாவில் போட்டுக் கொண்டுவரும் வல்லக்காரர்களுக்கு முதல் நன்றி. இரை வாசம் ஒட்டிய முள்ளை நாய் நக்காமல் விடாது. உதட்டில் ஏறிவிட்டால், நுனிக்குப் பின்னால் எதிர்முள் இருப்பதால், வந்த வழியே இழுக்க இழுக்கச் சதைதான் கிழியும். நுனியை முன்னோக்கித் தள்ளி வெளியே வரவைத்து, எதிர்முள்ளை நறுக்கிவிட்டு, தண்டைப் பின்பக்கமாக உருவ வேண்டும். மருத்துவர் மரப்பு ஊசி போட்டு எடுப்பதே மேல். அவசரத்துக்கு இரவிலும் கட்டிங் பிளேயர் கொடுத்த பட்டறைத் தம்பிகளை மறக்க மாட்டோம். வலியில் சொந்த நாயும் கடிக்கும். கடிபட்டால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஊசிக்குப் போய்விடுங்கள்.

முள்ளை விழுங்கியிருந்தால் கதை வேறு. வாயில் தொங்கும் நரம்பை இழுத்தால் தொண்டைக்குழல் கிழியும்; ஒட்ட நறுக்கினால் மிச்சமும் உள்ளே போய்விடும். நரம்பைக் கழுத்துப்பட்டையில் கட்டி, தின்னக் கொடுக்காமல், எக்ஸ்ரே இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வாடகை பேசாமல் ராமநாதபுரம் வரை வந்த ஆட்டோ அண்ணன்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம். பூனைக்கு முள்ளே வேண்டாம், வெறும் நரம்பு போதும். ஒரு முனை நாக்கடியில் மாட்டிக்கொள்ள, மறுமுனை உள்ளே இறங்க, குடல் சுருக்குப்பை வாய்போல மடிந்து அறுபடும். பின்பக்கம் நுனி தெரிந்தாலும் இழுக்காதீர்கள்.

பேத்தையைத் தனியே பொறுக்கிப் போட்ட கரைவலைக்காரர்களுக்கும், மீன் தரம் பிரிக்கும் அக்காமாருக்கும் எப்படி நன்றி சொல்ல! அதன் ஈரலிலும் சினையிலும் தோலிலும் உள்ள விஷம் வேகவைத்தாலும் போகாது. தின்ற நாய் எச்சில் ஒழுக்கி, வாந்தி எடுத்து, பின்னங்கால் தள்ளாடி, கடைசியில் மூச்சு நின்று போகும். மாற்று மருந்து கிடையாது. மூச்சு ஓட வைப்பதுதான் வைத்தியம். மேலாக மணல் மூடினால் நாய் தோண்டி எடுத்துவிடும் என்று, இரண்டடி ஆழத்தில் புதைத்து மேலே கல் வைத்தீர்கள். அந்தக் கல்தான் பல வீட்டு நாயைப் பிழைக்க வைத்தது. உயிரோடு ஏறிய பேத்தையை நடுக்கடலிலேயே விட்டுவிடுவது இன்னும் நல்லது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் நிற்கும் 61 நாளும், கழிவு மீன் இல்லாமல் தவித்த தெருநாய்களுக்குச் சோறும் தண்ணீரும் வைத்த டீக்கடை, ஓட்டல்காரர்களே, பசியில் அதுகள் கண்டதைத் தின்னாமல் இருந்தது உங்களால்.

முள் போடும் டப்பா நிறைந்தால் ஏலம் போடும் இடத்து டிரம்மில் கொட்டி, மூடியை அழுத்தி மூடிவிடுங்கள்.

நன்றியுடன்,
பாம்பன் கரையில் நாய், பூனை வளர்ப்போர்