கழுத்துச் சாய்வில் இருக்கிறான் வால்-ஈ

கோயம்புத்தூர்,
கார்த்திகை முதல் வாரம்

அன்புள்ள சண்முகம்,

நலம், நலமறிய ஆவல். பண்டிகைக் கூட்டமெல்லாம் கலைந்து வீடு பழைய நிலைக்கு வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பார்வதிக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்குப் பெரிய நிம்மதி. பிசியோதெரபியை மட்டும் நடுவில் விட்டுவிடாமல் பார்த்துக்கொள். என் அண்ணி வலி பொறுக்காமல் பாதியில் நிறுத்திவிட்டு, இன்றைக்கும் தரையில் உட்கார முடியாமல் இருக்கிறார். நீ வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு மரவேலையில் இறங்கிவிட்டாய் என்று படித்தபோது மனசுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பாலிடெக்னிக்கில் மணியடித்த பிறகும் பேட்டர்ன் ஷாப்பை விட்டு வெளியே வராதவன் ஆயிற்றே நீ. அம்பாசமுத்திரத்தில் நல்ல மரம் கிடைக்கிறதா? கடைசியில் உன்னிடம் ஒரு வேலை சொல்லப்போகிறேன், அதனால்தான் கேட்கிறேன்.

சரி, போனில் சொன்ன பொம்மை விஷயம். விவரமாக எழுதச் சொன்னாய்.

2008-இல் ‘வால்-ஈ’ படம் வந்தபோது என் மகள் மலர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். மனிதர்கள் குப்பையால் நிரப்பிவிட்டுக் கிளம்பிப்போன பூமியில், 700 வருடமாகத் தன்னந்தனியாகக் குப்பையை அழுத்திக் கட்டி கட்டியாக அடுக்கிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன ரோபோவின் கதை. முதல் அரை மணி நேரத்தில் வசனம் என்று ஏறக்குறைய எதுவும் கிடையாது. மலர் அன்றைக்கு அழுதுவிட்டாள். நானும்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இப்போது ஜெர்மனியில் இருக்கிறவள், அந்த ரோபோவின் லெகோ பெட்டியை, அதாவது பிளாஸ்டிக் செங்கல் துண்டுகளை ஒன்றோடொன்று மாட்டிக் கட்டும் பொம்மைப் பெட்டியை, யாரிடமோ இரண்டாம் கையாக வாங்கி, ஆவணியில் லீவுக்கு வந்தபோது கொண்டுவந்தாள். 2015-இல் வந்த பெட்டி அது, இப்போது கம்பெனி தயாரிப்பதில்லை. 677 துண்டுகள். கட்டி முடித்தால் 18 செ.மீ. உயரம்.

இதை வடிவமைத்தவர் யார் தெரியுமா? அங்கஸ் மக்லேன். அந்தப் படத்தை எடுத்த பிக்ஸார் கம்பெனியில், அந்தப் படத்திலேயே அனிமேஷன் வேலை பார்த்தவர். திரையில் அவனை அசைத்தவர்களில் ஒருவரே செங்கல் துண்டுகளிலும் அவனைக் கட்டிப் பார்த்திருக்கிறார். அந்தப் பொம்மை உருவாக ஏறக்குறைய பத்து வருடம் ஆனதாம். லெகோ ஐடியாஸ் என்று ஓர் ஏற்பாடு உண்டு. யார் வேண்டுமானாலும் தாங்கள் கட்டியதை அங்கே வைக்கலாம், 10,000 பேர் ஆதரித்தால் கம்பெனி அதைப் பரிசீலிக்கும். மக்லேனும் அந்த வழியாகத்தான் வந்தார். படத்தில் வேலை செய்தவராயிற்றே என்று அவருக்குத் தனி வாசல் எதுவும் திறக்கவில்லை. எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம்.

பெட்டியைப் பிரித்ததும் நான் முதலில் செய்த காரியம் உனக்குப் புரியும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கையும் அளக்கும் வெர்னியரை எடுத்தேன். துண்டின் மேல் துருத்திக்கொண்டிருப்பதுதான் குமிழ், அதில்தான் அடுத்த துண்டு மாட்டும். ஒரு குமிழ் உள்ள சதுரத் துண்டின் அகலம் 7.8 மி.மீ. ஆனால் குமிழுக்குக் குமிழ் தூரம் சரியாக 8 மி.மீ. பக்கத்துக்கு 0.1 வீதம் இடைவெளி விட்டிருக்கிறார்கள், அதனால்தான் எத்தனை துண்டை வரிசையாக வைத்தாலும் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளுவதில்லை. முழுச் செங்கல்லின் உயரம் 9.6, தட்டைத் துண்டின் உயரம் அதில் மூன்றில் ஒரு பங்கு, 3.2. இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. தட்டைத் துண்டு ஐந்தை அடுக்கினால் 16 மி.மீ. இரண்டு குமிழ் அகலமும் 16 மி.மீ. ஆக, ஒரு அடுக்கைப் பக்கவாட்டில் சாய்த்து இன்னொன்றோடு பொருத்தினாலும் விளிம்பு விளிம்போடு சேரும். அவன் கண்கள் குமிழ் தெரியாமல் உன்னை நேராகப் பார்ப்பது இந்தக் கணக்கால்தான். செங்கல்லுக்குள் குழாய் வைத்துப் பிடிமானம் கொடுத்த அமைப்புக்கு டென்மார்க்கில் 1958-இல் காப்புரிமை கேட்டார்கள். அன்றைய துண்டும் இன்றைய துண்டும் ஒன்றோடொன்று மாட்டும். அச்சுகளும் கருவிகளும் செய்யும் டூல் ரூமில் வாழ்க்கையை ஓட்டியவனுக்கு இதைக் கேட்டால் கை தானாகக் கும்பிடும். நாம் ஒரே வருடம் ஒரே டையில் (அச்சில்) டாலரன்ஸ், அதான் அளவு பிசகாத எல்லையைக் காப்பாற்ற எவ்வளவு பாடுபட்டிருக்கிறோம்!

கட்டுவது சிரமமாக இல்லை. உடம்பு ஒரு பெட்டி, அது சீக்கிரம் எழும்பிவிடும். இரண்டு பக்கமும் ஓடும் பட்டைகள்தான் பொறுமையைக் கேட்கும், சைக்கிள் செயின் மாதிரி கண்ணி கண்ணியாகக் கோத்துச் சுற்ற வேண்டும். அப்புறம் கழுத்தும் தலையும். நான் சொல்ல வந்ததே இந்தக் கழுத்தைப் பற்றித்தான்.

அவனுக்கு மூக்கும் இல்லை, வாயும் இல்லை. படத்தின் இயக்குநர் ஆண்ட்ரூ ஸ்டான்டன் பேஸ்பால் ஆட்டம் பார்க்கப் போன இடத்தில் பக்கத்திலிருந்தவரின் பைனாகுலரை வாங்கி, அதை மடக்கியும் விரித்தும் பார்த்ததில்தான் இந்த முகம் கிடைத்ததாகச் சொல்லியிருக்கிறார். ஒரு பக்கம் மடக்கினால் சோகம், மறுபக்கம் விரித்தால் சந்தோஷம். அவ்வளவுதான் முகம். குரல் கொடுத்த பென் பர்ட் பல வருடம் முன்னால் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் ரோபோ ஆர்டூ-டீடூவுக்கும் ஒலி அமைத்தவர். அங்கேயும் இங்கேயும் பேச்சு கிடையாது, ஏற்ற இறக்கம் மட்டுமே. அப்படிப்பட்ட பாத்திரத்தைப் பிளாஸ்டிக் துண்டுகளில் கட்டும்போது ஒலியும் போய்விடுகிறது, அசைவும் போய்விடுகிறது. கையில் மிஞ்சுவது ஒரே ஒரு சாய்வு. அந்தச் சாய்வு சரியாக நின்றால் அவன் வால்-ஈ. இல்லாவிட்டால் கண் வைத்த மஞ்சள் பெட்டி.

அதனால்தான் முதலில் வெளிவந்த பெட்டிகளில் கழுத்து தலையின் கனம் தாங்காமல் தொய்ந்தபோது அது பெரிய பேச்சாயிற்று. கம்பெனி கழுத்தை மாற்றி அமைத்து, செய்முறைப் புத்தகத்தையும் திருத்தியது. காரணம் உனக்கு ஒரு வரியில் புரியும்: தலையின் பாரம் மூட்டுக்கு முன்னால் தள்ளி இருக்கிறது, மூட்டைப் பிடித்து வைத்திருப்பது உராய்வு மட்டும். நெம்புகோல் நீளமானால் உராய்வு தோற்கும். என்னிடம் இருப்பது திருத்திய கழுத்துதான், நன்றாகவே நிற்கிறது. ஆனாலும் தலையை முழுக்க முன்னுக்கு நீட்டி வைத்தால் மூட்டுக்குச் சிரமம் என்பது கையில் தெரிகிறது. அடிக்கடி ஆட்டக்கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

முதலில் அவனை ஹால் ஷோகேஸின் மேல்தட்டில் வைத்தேன். அங்கேதான் எல்லோரும் பரிசுப் பொருளையெல்லாம் வைப்பார்கள் இல்லையா. பார்க்க மிடுக்காக இருந்தது, ஆனால் அவன் அவனாக இல்லை. நம் தலைக்கு மேலாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். நவராத்திரி வந்ததும் சரஸ்வதி கொலுவுக்குக் கேட்டாள். ஏழு படிக்குக் கீழே தரையில் மணல் கொட்டி, கேழ்வரகு முளைக்கவிட்டுப் பார்க் வைப்பது அவள் வழக்கம். செட்டியார் கடைக்குப் பக்கத்தில், முளைப்பாரி ஓரமாக அவனை நிறுத்தினாள். மணல் பட்டைக்குள் போய்விடக்கூடாது என்று நான் அடியில் ஒரு கடப்பாக்கல் துண்டை மட்டும் வைத்தேன்.

சண்முகம், அந்த இடத்தில்தான் அவன் உயிரோடு தெரிந்தான். படம் முழுக்க அவன் அண்ணாந்து பார்க்கிறவன். நட்சத்திரத்தைப் பார்ப்பான், தான் நேசிக்கும் ரோபோ ஈவாவைப் பார்ப்பான், தன்னைவிடப் பெரிதாக இருக்கும் எல்லாவற்றையும் நிமிர்ந்து பார்ப்பான். தரையில் வைத்துக் கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்தால் அந்தப் பார்வை தானாக வந்துவிடுகிறது. பச்சை முளைகளுக்குப் பக்கத்தில் நின்றதும் பொருத்தம், ஏனென்றால் கதையையே திருப்புவது அவன் கண்டெடுக்கும் ஒரு சின்னச் செடிதான். சரஸ்வதி படத்தை இன்றுவரை பார்க்கவில்லை. எப்படி அங்கே வைக்கத் தோன்றியது என்று கேட்டேன், மஞ்சளுக்குப் பச்சை எடுப்பாக இருக்கும் என்று வைத்ததாகச் சொன்னாள்.

சுண்டலுக்கு வந்த குழந்தைகள் படியில் இருந்த தசாவதாரத்தைப் பார்த்துவிட்டு, நேராகக் கீழே குந்தி உட்கார்ந்துவிட்டார்கள். ஒருநாள் சாயங்காலம் யாரோ தொட்டதில் தலை கொஞ்சம் குனிந்திருந்தது. எதிர்வீட்டுச் சின்னப் பெண் வந்து, “தாத்தா, இவன் ஏன் சோகமா இருக்கான்?” என்று கேட்டாள். நான் கழுத்தைப் பிடித்து விரல் நுனி அளவு மேலே தூக்கி, தலையை லேசாக இடது பக்கம் திருப்பினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இப்ப எங்கிட்ட ஏதோ கேக்கறான்” என்றாள். ஒரு துண்டுகூட மாறவில்லை. மூட்டில் ஒரு சின்ன அசைவு. படம் பார்க்காத, பெயர்கூடத் தெரியாத குழந்தைக்கு அது புரிந்துவிட்டது. மக்லேன் பத்து வருடம் செலவழித்தது இதற்காகத்தான் என்று எனக்குப் பட்டது.

கொலு எடுத்த பிறகு அவனை என் மேஜைக்கு எதிரே, உட்கார்ந்தால் நெஞ்சு உயரத்தில் வரும் தட்டுக்கு மாற்றியிருக்கிறேன். வெளிச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேலேயிருந்து டியூப் லைட் அடித்தால் கண்குழி இருண்டு முகமே போய்விடுகிறது. முன்னால் ஓரமாக ஒரு சின்ன எல்இடி விளக்கு வைத்தேன். கண்ணின் பளபளப்பில் ஒரு புள்ளி வெளிச்சம் விழுந்ததும் ஆள் விழித்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. பின்னால் கருநீலத் தாள் ஒட்டியிருக்கிறேன், மாம்பழ மஞ்சள் உடம்பு அதில் தனியாக எடுத்துக் காட்டுகிறது. ஜன்னல் வெயில் மட்டும் ஆகவே ஆகாது. இந்தத் துண்டுகளின் ஏபிஎஸ் பிளாஸ்டிக் வெயிலில் நாளடைவில் நிறம் மாறும், வெள்ளையும் சாம்பலும் முதலில் பழுப்பேறும். தூசிக்குப் பெயிண்ட் அடிக்கும் மிருதுவான பிரஷ் போதும். கழுவ வேண்டியிருந்தால் தண்ணீர் 40 டிகிரியைத் தாண்டக்கூடாது என்று லெகோவே சொல்கிறது, ஸ்டிக்கர் ஒட்டிய துண்டை நனைக்கவே கூடாது.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லி மருமகன் பிடிவாதமாக இருக்கிறார். தூசி வராது என்பது உண்மைதான். ஆனால் குழந்தைகள் கிட்டே வந்து கழுத்தைத் திருப்பிப் பார்க்க முடியாத வால்-ஈ எனக்கு வேண்டாம். அடிக்கடி ஆட்டாதே என்று நானே சொன்னாலும், வருகிற குழந்தை ஒரு தடவை திருப்பிப் பார்க்கத்தான் வேண்டும். மூட்டு தளர்ந்தால் அந்த ஒரு துண்டை மாற்றிக்கொள்ளலாம். பழைய துண்டுகளைத் தனித்தனியாக வாங்க பிரிக்லிங்க் என்ற இணையச் சந்தை இருக்கிறது, மலர் பார்த்து அனுப்புவாள்.

இப்போது உன் வேலை. அவனுக்கு ஒரு பீடம் வேண்டும். அண்ணாந்து பார்க்கும் சாய்வு முழுவதையும் கழுத்தே சுமக்காமல், பாதியைப் பீடம் வாங்கிக்கொள்ள வேண்டும். அப்போது தலையின் பாரமும் கழுத்துக்கு நேர்மேலே வந்துவிடும், மூட்டுக்கு நிம்மதி. நீளமும் அகலமும் 16 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல் என்பதால் 22 செ.மீ. சதுரப் பலகை போதும். முன்பக்கம் பின்பக்கத்தைவிட 2 செ.மீ. உயரமாக இருக்கட்டும். பட்டைகள் நிஜமாகவே உருளும், சாய்வில் வைத்தால் பின்னால் ஓடிவிடுவான். அதனால் பின்விளிம்பில் 4 மி.மீ. தடுப்பு ஒன்று வை. அதற்கு மேல் உயரம் வேண்டாம், பட்டை மறைந்துவிடும். பூவரசு வைரம் கிடைத்தால் நல்லது, அந்த அடர்பழுப்பு அவனுக்குப் பொருந்தும். பாலிஷ் பளபளப்பாக வேண்டாம், மெழுகு தேய்த்தால் போதும். தனித் தாளில் வரைபடம் போட்டு வைத்திருக்கிறேன், அளவில் சந்தேகம் இருந்தால் போன் செய்.

அவசரமில்லை. தைப்பூசத்துக்குப் பழனி வருவதாக எழுதியிருந்தாயே, அப்போது கொண்டு வந்தால் போதும். அங்கிருந்து எங்கள் வீடு பஸ்ஸில் மூன்று மணி நேரம்தான், இரண்டு நாள் தங்கும்படி வா. பார்வதியால் அதற்குள் நடக்க முடிந்தால் அவளையும் கூட்டி வா, எங்கள் வீட்டில் மாடிப்படி ஏற வேண்டிய வேலையே இல்லை. சரஸ்வதி அவளை ரொம்ப விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
பாலு