குதிரையின் பெயரையும் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற திங்கட்கிழமை இதழில் எங்கள் பக்கத்துக் கிராமத்துக் கோயில் திருவிழாப் பந்தயம் பற்றிய செய்தி வந்திருந்தது. அதன் கடைசி வரி: "குதிரை வண்டிப் பந்தயமும் நடைபெற்றது." அவ்வளவுதான். அதற்கு மேலே கொடியசைத்தவர், பரிசு கொடுத்தவர், முன்னிலை வகித்தவர் என்று 17 பெயர்கள். விரல் விட்டு எண்ணினேன். வண்டி ஓட்டிய சாரதி ஒருவர் பெயர்கூட இல்லை.

அந்தப் பந்தயத்துக்கு என் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கோடை விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்திருக்கிறாள், மூன்றாம் வகுப்பு. நோட்டீஸில் காலை 7 மணி என்று போட்டிருந்ததால் ஆறரைக்கே போய் நின்றோம். கொடியசைக்க வேண்டியவர் வந்து சேர்ந்தபோது மணி 10. பெரிய மாட்டு வண்டி, அப்புறம் சின்ன மாட்டு வண்டி எல்லாம் ஓடி முடிந்து குதிரைக்கு முறை வரும்போது பதினொன்றரை. மே மாதத்தில் செட்டிநாட்டு வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேடைக்குச் சாமியானாவும் மின்விசிறியும் இருந்தன. குதிரைகள் ஒரு கருவேல மரத்தின் அரை நிழலில் பூட்டியபடியே நின்றன.

என் அப்பா காரைக்குடி ரயிலடியில் ஜட்கா ஓட்டியவர். எனக்கு இப்போது 72 வயது. நான் வளர்ந்ததே லாயத்து வாசனையில்தான். சவாரி முடிந்து வந்தால் குதிரையை அவிழ்த்து, வியர்வை அடங்கும்வரை கையில் பிடித்து மெதுவாக நடத்துவார். காலுக்கும் மார்புக்கும் தண்ணீர் விடுவார். அது கொள்ளில் வாய் வைத்த பிறகுதான் அவர் சோற்றில் கை வைப்பார். குதிரை நாயைப் போல வாயைத் திறந்து இரைக்காது, மூச்செல்லாம் மூக்கு வழியாகத்தான், அதனால் மூக்கைப் பார்த்தே அதன் கஷ்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பார்.

அன்று அந்த மூக்கைப் பார்த்தேன். இரண்டாவதாக வந்த செம்மட்டைக் குதிரை. நாசி இரண்டும் விரிந்து விரிந்து உள்ளே சிவப்புத் தெரிந்தது. வாரின் ஓரமெல்லாம் வெள்ளை நுரை. தண்ணீர்த் தொட்டி ஒன்றுகூடக் கிடையாது. இருபது வயசு இருக்கும் சாரதிக்கு. தான் குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரை அதன் நெற்றியில் ஊற்றிக்கொண்டிருந்தார். என் பேத்தி தன் பள்ளிக்கூட பாட்டிலை நீட்டிவிட்டு, "அண்ணா, குதிரை பேரு என்ன?" என்று கேட்டாள். "செல்லி" என்றார்.

வழியெல்லாம் முன்னும் பின்னும் மோட்டார் சைக்கிள் கூட்டம், ஹாரன், சைலன்ஸர் சத்தம். ஒன்று குறுக்கே வெட்டியதில் செல்லி மிரண்டு வேலியோரம் போய்த்தான் திரும்பியது. இல்லாவிட்டால் முதல் பரிசு அதற்குத்தான். இந்த மோட்டார் சைக்கிள்கள் பற்றி 2019இலேயே உங்களுக்கு எழுதினேன். பிரசுரமாகவில்லை. சரி, அது போகட்டும்.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காகப் பிள்ளைகள் மெரினாவில் உட்கார்ந்தபோது காங்கேயம், புலிக்குளம், உம்பளச்சேரி என்று இனம் இனமாக மாடுகளின் படம் போட்டீர்கள். சந்தோஷமாகப் படித்தேன். குதிரை வைத்திருப்பவன் கொள்ளு என்ன விலைக்கு வாங்குகிறான், லாடம் அடிக்க ஆள் தேடி எத்தனை ஊர் அலைகிறான் என்று ஒரு நாளாவது எழுதினீர்களா? நம் சீமையில் ஐயனார் கோயில் புரவி எடுப்பு என்றால் மண்பாண்டம் செய்யும் வேளார் செய்த மண்குதிரைக்கு மாலையும் துண்டும் போட்டுத் தோளில் சுமந்து போகிறோம். அதே ஐயனார் சாட்சியாக உயிருள்ள குதிரையை உச்சி வெயிலில் காயவிடுகிறோம்.

குதிரைக்குப் பெயர் உண்டு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் குதிரையேற்றத்தில் 41 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியாவுக்குத் தங்கம் கிடைத்தது. அனுஷ் அகர்வாலாவின் குதிரை பெயர் எட்ரோ என்று உங்கள் பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். சீனாவில் களமிறங்கிய குதிரைக்குக் கிடைத்த இடம் எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் ஓடியதற்குக் கிடைக்கவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

திங்கட்கிழமை காலையில் என் பேத்தி பேப்பரைத் தரையில் விரித்துப் போட்டு எழுத்துக்கூட்டித் தேடினாள். "ஐயா, செல்லி பேரே இல்லையே" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

விழாக் குழுவினரும் உங்கள் வாசகர்கள்தான். குதிரைப் பந்தயத்தைக் காலை 8 மணிக்குள் முடித்துவிட்டு, எல்கையில், அதாவது பந்தய எல்லையில், ஒரு தொட்டித் தண்ணீர் வைக்கும்படி நீங்கள் சொன்னால் கேட்பார்கள். நான் உங்களிடம் கேட்பது, முதல் மூன்று பரிசு வாங்கிய சாரதிகளின் பெயரையும் குதிரைகளின் பெயரையும் விசாரித்து நாலு வரி போடுங்கள் என்பதுதான். பேத்தி வரும் ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குக் கிளம்புகிறாள். அதற்குள் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர்,
செஞ்சை, காரைக்குடி.