மழையில் கேட்ட இரண்டாவது குரல்

அன்பு மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். நேற்று விடியற்காலையில் பிடித்த மழை மாலை நான்கு மணிவரை விடவில்லை. பால் வாங்கக்கூடக் கீழே இறங்க முடியாமல், கடுங்காப்பியோடு ஜன்னலோரம் அமர்ந்து, போன பொங்கலுக்கு வந்தபோது நீ விட்டுச்சென்ற ஹெட்போனை முதன்முறையாக மாட்டிக்கொண்டேன். எந்தப் பாட்டைக் கேட்டிருப்பேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

'தி டோர்ஸ்' என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் 'ரைடர்ஸ் ஆன் த ஸ்டார்ம்' பாட்டு இடியும் மழையுமாகத் தொடங்குவதைக் கேட்டு, உன் அம்மா கொடித்துணியை எடுக்க மொட்டை மாடிக்கு ஓடிய கதை நம் வீட்டில் பழையது. அதற்கடுத்த வாரம் மெய்யாகவே இடி இடித்தபோது, பாட்டுத்தான் என்று அவள் அசையாமல் இருந்துவிட, உன் பள்ளிச் சீருடை சொட்டச்சொட்ட நனைந்துபோனதை நீ மறந்திருக்க மாட்டாய்.

நேற்று நான் கண்டுகொண்டது வேறு. குழுவின் பாடகர் ஜிம் மோரிசன் பாடும் ஒவ்வொரு வரிக்கும் அடியில், அதே வரியை அவரே கிசுகிசுக்கும் இன்னொரு குரல் ஓடுகிறது. முதலில் ஒருமுறை பாடிப் பதிவு செய்துவிட்டு, பிறகு அதன்மேல் முணுமுணுப்பாக மறுபடியும் பதிந்திருக்கிறார்கள். நான் 1984-இல் கடையில் பதிந்து வாங்கிய கேசட்டின் இரைச்சலில் அந்தக் குரல் முழுவதுமாக மூழ்கிப்போயிருந்தது. அதே குழுவின் ரே மன்சரெக் வாசிக்கும் எலெக்ட்ரிக் பியானோ மேலிருந்து கீழே சொட்டுச் சொட்டாக இறங்கி வருவதை மட்டுமே மழை என்று எண்ணி இத்தனை ஆண்டுகள் ரசித்திருக்கிறேன்.

நீ இப்போது இருக்கும் லாஸ் ஏஞ்சலஸில்தான் இந்தப் பாட்டு பதிவாயிற்று. அதுவரை அவர்களுடைய இசைத்தட்டுகளைத் தயாரித்துவந்த பால் ராத்சைல்ட், புதிய பாடல்கள் பிடிக்காமல் விலகிக்கொண்டதால், ஒலிப்பதிவாளர் புரூஸ் பாட்னிக்கைத் துணைக்கு வைத்துக்கொண்டு, சாண்டா மோனிகா பூல்வார்டில் இருந்த தங்கள் ஒத்திகை அறையிலேயே பதிவைத் தொடங்கினார்கள். மோரிசன் பாடியதற்குக் குளியலறைதான் கூடமாக உதவியது. குளியலறைப் பாடகர் என்று என்னைக் கேலி செய்யும் உன் கணவரிடம் இதை மறக்காமல் சொல். இந்தப் பாட்டு உள்ள இசைத்தட்டு 1971 ஏப்ரலில் வெளிவந்தது. அந்த ஜூலை 3-ஆம் தேதி, தம் 27-ஆம் வயதில், மோரிசன் பாரிஸில் இறந்துபோனார். இதை அறிந்த பிறகு அந்தக் கிசுகிசுப்பைக் கேட்கும்போது, ஒருவர் தமக்குப் பின்னாலேயே நடந்து வருவதைப் போல இருக்கிறது. மழை பெய்யும் ஒலி பிற்பாடு சேர்க்கப்பட்டதுதான் என்றாலும், அதை நீக்கிவிட்டு இந்தப் பாட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஏழு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடுகிற அந்தப் பாட்டை மூன்று முறை கேட்டுவிட்டு, கொடியில் துணி எதுவும் இல்லை என்று முன்கூட்டியே உறுதி கூறி, ஹெட்போனை உன் அம்மாவின் காதில் மாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நிமிடம் கேட்டாள். பிறகு, காதில் மாட்டியிருப்பதை மறந்து, தெருவுக்கே கேட்கும்படி, "பின்னால் யார் முணுமுணுக்கிறார்கள்?" என்று கேட்டாள்.

அன்புடன்,
அப்பா