பதக்கம் இருக்கிறது, அடையாள அட்டை இலக்கம் இல்லை

நினைவுச் சின்னங்களுக்குப் பொறுப்பான அமைச்சின் அதிகாரிகளுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போரில் இலங்கையிலிருந்து படைக்குப் போனவர்களுக்கு ஒரு தேசிய நினைவகம் வேண்டும், அதில் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த மலையகத்தவர் பெயரும் இருக்க வேண்டும் என்று நாங்கள் கேட்டு வருவது உங்களுக்குத் தெரியும். விண்ணப்பங்கள் உங்கள் மேசையில்தான் இருக்கின்றன. பழைய கதை வேண்டாம். போன மாதம் ஹட்டன் பக்கத்து அலுவலகம் ஒன்றில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் தாத்தா தோட்டத்து லொறியில் கிளீனராக இருந்து, போர்க்காலத்தில் படை லொறி ஓட்டப் போனவர். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டபோது அங்கே சீனக்குடாவில் இருந்தார். போர் முடிந்ததும் ஒரு பதக்கத்தோடு தோட்டத்து வரிசை வீடான அதே லயத்துக்குத் திரும்பினார். படைக்குப் போனவர்களின் விவரம் இருந்தால் பதியுங்கள் என்று நீங்கள் சொன்னதால், அவருடையதைப் பதியப் போனேன்.

படிவத்தில் பெயருக்கு அடுத்த கட்டமே தேசிய அடையாள அட்டை இலக்கம். தாத்தா இறந்தது 1969இல். இந்த நாட்டில் அடையாள அட்டை வந்ததே 1972இல். சொன்னேன். "சரி, அப்ப பிரஜாவுரிமைச் சான்றிதழைக் கொண்டு வாங்க" என்றார் உத்தியோகத்தர்.

எங்கிருந்து கொண்டு வருவது? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவரைப் பிரஜை இல்லை என்றது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும், இப்படி நின்ற 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் இலங்கைக்குமாகப் பங்கு பிரித்தார்கள். தாத்தா எந்தப் பங்கு என்று தெரிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். 2003இல் வந்த சட்டம் மிச்சமிருந்தவர்களைப் பிரஜைகளாக்கியது. அது உயிரோடு இருந்தவர்களுக்கு.

பிறகு பதக்கத்தை எடுத்து வைத்தேன். ஒரு பக்கம் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை, மறுபக்கம் இரட்டைத் தலை டிராகன் மேல் ஏறி நிற்கும் சிங்கம். உத்தியோகத்தர் விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேர் இல்லையே, இது உங்க தாத்தாவோடதுன்னு எப்படி நம்புறது?" என்றார். பேர் இருக்காதுதான். வெள்ளைக்காரன் தன் சொந்தப் படைக்குக் கொடுத்ததிலும் பேர் வெட்டவில்லை. இந்தியா, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா போன்ற சில நாட்டுப் படைகளுக்குக் கொடுத்த இதே பதக்கத்தில் விளிம்பில் பேர் இருக்கும். 1948இல் இந்தியர் என்று தள்ளி வைத்தவரைப் பதக்கம் கொடுத்தபோதும் இந்தியராக எண்ணியிருந்தால், இன்று ஒரு பெயராவது மிஞ்சியிருக்கும்.

கண்டியில் பொதுநலவாயப் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. சுமார் 200 கல்லறைகள். பிரித்தானியர், ஆபிரிக்கர், நம் நாட்டவர், ஏன், எதிர்ப்பக்கம் நின்ற இத்தாலியர்கூட அங்கே இருக்கிறார்கள். புல் வெட்டி, பூச்செடி வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களில் யாரிடமும் அடையாள அட்டை கேட்டதாகத் தெரியவில்லை.

இந்த வயிற்றெரிச்சல் புதிதும் இல்லை. முதலாம் உலகப் போர் முடிந்த நாளான நவம்பர் 11இல், படைவீரர் நினைவாகப் பொப்பி மலர் விற்ற காசில் பெரும்பகுதி பிரித்தானியாவுக்கே போகிறது என்று கொதித்துத்தான், 1931இல் இங்குள்ள முன்னாள் படைவீரர்கள் பூவரசம்பூ விற்கத் தொடங்கினார்கள். சூரியமல் இயக்கம் அப்படித்தான் பிறந்தது. அன்று அவர்களை ஏமாற்றியது வெளிநாட்டு அரசு என்றாவது சொல்லிக்கொள்ளலாம்.

பிந்திய உள்நாட்டு யுத்தத்தில் யாரை எங்கே நினைப்பது என்ற சண்டையை நான் இங்கே இழுக்கவில்லை. தேர்தல் வந்தால் மட்டும் எங்கள் லயத்துப் படியேறுகிறவர்களைப் பற்றியும் எழுதலாம். எழுதினால் மடல் முடியாது.

கேட்பது இவ்வளவுதான். நினைவகத்தை அமையுங்கள். மலையகத்தவர் பெயரையும் அதில் பொறியுங்கள். அதற்கு அடையாள அட்டையையும் பிரஜாவுரிமையையும் கேட்காதீர்கள். பதக்கம், படையிலிருந்து விலகிய பத்திரம், சீருடைப் படம், தோட்டத்துச் செக்ரோல் என்ற வேலையாள் பெயர்ப் பதிவேடு, ஊர்ப் பெரியவர்கள் தரும் சத்தியக்கடதாசி, இவற்றில் எது இருந்தாலும் ஏற்றுக்கொள்ளும்படி அலுவலகங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். தயவுசெய்து இந்த நவம்பருக்கு முன் அனுப்புங்கள்.

பதிலைத் தமிழில் போட்டால் பெரிய உதவி. போன கடிதம் சிங்களத்தில் வந்ததால், அதை வாசித்துக் கேட்க அம்மா டவுன் வரை போக வேண்டியிருந்தது.

இப்படிக்கு,
ஒரு படை லொறிச் சாரதியின் பேரன்